எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்

லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள் வரிசையாக நிற்கும் எங்கள் கரட்டுப்புதூரில், பட்டறைக்காரர் சென்னியப்பன் தன் வீட்டுச் சமையலறைச் சுவரை இடித்து அந்த வழியாக ஒரு மரக்குழாயை நீட்டினார் என்பதும், அதைப் பார்த்த அவர் மனைவி கோகிலாமணி பையை எடுத்துக்கொண்டு காவேரிக்கு அந்தப் பக்கம் கரூர்ப் பக்கத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் என்பதும், அந்தக் குழாய்க்கு எந்த யூனிட்டைப் பொருத்துவது என்று சென்னியப்பன் அலைந்த காலம் முழுக்க எங்கள் ஊரில் ஒருவரும் நிம்மதியாகக் குளிக்க முடியவில்லை என்பதும் எல்லாரும் ஒப்புக்கொள்கிற சங்கதிகள். மற்றதில் ஆளுக்கொரு பேச்சு உண்டு. ஆனால் குழாயின் வாய் என் டயர் கடையைப் பார்த்துத்தான் இருந்தது, ஆகவே நான் சொல்வதுதான் சரி.

திருவிழாவிலும் காதுகுத்திலும் தென்னை மரத்தில் கட்டுவார்களே, ஊமத்தம்பூ மாதிரி வாயை விரித்துக்கொண்டு ஒரு தகரக் குழாய், அதன் பின்பக்கம் கழுத்தில் திருகியிருக்கும் உருண்டையான சாமானைத்தான் யூனிட் என்பார்கள். சத்தம் பிறப்பது அந்த யூனிட்டில், குழாய் அதை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தகரக் குழாய் பேசினால் பாதி வார்த்தையைக் காற்று தின்றுவிடுகிறது, மணமக்கள் பெயரும் புரிவதில்லை, செத்தவர் பெயரும் புரிவதில்லை, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது சென்னியப்பனின் நெடுநாள் மனக்குறை. எனவே லாரிப் பாடி கட்டி மிஞ்சிய வேங்கைப் பலகையையும் வாகைப் பலகையையும் இழைத்து, ஒரு வார்த்தைகூடச் சிந்தாத குழாய் ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். ஆழமான குரல் வேண்டுமென்றால் குழாய் நீளமாக வேண்டுமாம். வாயைத் தெருவில் வைத்து ஆரம்பித்தவர் வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, நீளம் போதாமல் சமையலறைக்குள் புகுந்தார். அந்தச் சமயத்தில் கோகிலாமணி பரமத்தியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் அடுப்பு புழக்கடையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, அடுப்பு இருந்த இடத்தில் குழாயின் கழுத்து கம்பீரமாக நிற்கிறது.

அந்தம்மா அழவுமில்லை, கத்தவுமில்லை. "சமையக்கட்டுல குழாயே இருக்கட்டுமுங்க. நான் எங்க இருக்கறதுன்னு எங்கண்ணன் ஊட்ல போயி யோசிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். குழாய்க்குள் படுத்துக்கொண்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த சென்னியப்பனுக்கு இது காதில் விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டீ வேண்டுமென்று கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் பலகையை டொக்கு டொக்கென்று தட்டினார். வழக்கமாக அப்படித் தட்டினால் டீ வரும். அன்று வரவில்லை, திரும்பவும் தட்டினார், பொழுது சாய்கிற வரைக்கும் தட்டினார், எதிரே இருந்த நான்தான் கடைசியில் பொறுக்கமாட்டாமல் போய்ச் சொன்னேன்.

அன்றிலிருந்து மனிதர் பாதியாகிப் போனார். அந்தம்மா திரும்பி வரவேண்டும், அது ஒன்றைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே கிடையாது. போன் போட்டால் மைத்துனர் எடுத்து "அவ குளிக்கறாளுங்க மாப்ள" என்பார், காலையிலும் குளிக்கிறாள், மத்தியானமும் குளிக்கிறாள். நேரில் போகலாம் என்றால் வீராப்பு விடவில்லை. குழாயை வெட்டிவிட்டு அடுப்பைப் பழைய இடத்தில் வைக்கலாம் என்ற யோசனை எங்கள் எல்லாருக்கும் தோன்றியது, அவருக்கு மட்டும் தோன்றவில்லை. குழாய் மட்டும் நல்லபடியாகப் பேசிவிட்டால் கோபமெல்லாம் தணிந்துவிடும் என்று அவர் நம்பினார். ஆண்பிள்ளைகள் கணக்கு அப்படித்தான் போகும்.

முதல் யூனிட்டை ஒலி ஒளி அமைப்பாளர் ராக்கியண்ணன் கொடுத்தார். ஊர்க் காதுகுத்துகளுக்கெல்லாம் உழைத்துக் களைத்த சின்ன யூனிட், அதன் கழுத்து ஒல்லி, குழாயின் கழுத்து தடிமன். நடுவில் ஒரு மரவளையம் கடைந்து போட்டுத்தான் இரண்டையும் சேர்க்க முடிந்தது. மைக்கைக் கையில் எடுத்தபோது வோல்டேஜ் இல்லாமல் ஆம்ப்ளிஃபயர் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததால், வேறு என்ன பேசுவதென்று தெரியாத சென்னியப்பன், மைக் பிடித்த எவரும் சொல்வதையே சொன்னார்: "லைன்மேன் மாதையன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்." மேடை என்று அங்கே எதுவும் இல்லை. ஆனால் அடுத்த நொடி குழாயின் வாய்க்கு முன்னால், என் கடை வாசலில், இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையும் கையில் சொம்புமாக லைன்மேன் மாதையன் நின்றுகொண்டிருந்தார். கண்ணில் நுரை இருந்ததால் தான் இடம் மாறிய விஷயம் அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது, சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிய பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

"வோல்டேஜ் கம்மியா இருக்குதுங்க" என்றார் சென்னியப்பன், குழாயின் அந்தக் கடைசியிலிருந்து.

"குளிச்சுப்போட்டு வந்தர்றனுங்க."

"அதான் வந்துட்டீங்களே" என்று ராக்கியண்ணன் ஏணியைக் கொண்டுவந்து வைத்தார்.

இவ்வளவுதான் அதிசயம். ஏன், எப்படி என்று துருவிக்கொண்டிருக்க எங்கள் ஊரில் யாருக்கும் நேரமில்லை, அடுத்து யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் எல்லார் புத்தியும் ஓடியது. போன் இருக்கும்போது குழாய் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். போனில் கூப்பிட்டால் "வந்துட்டே இருக்கேன்" என்று பாயில் படுத்துக்கொண்டே சொல்லலாம், அதற்குத்தானே போன். குழாயிடம் அது செல்லாது. மாவு மில்காரர் வந்தார், கொத்தனார் கரணையோடு வந்தார், தன்னை முறையாக அழைக்கவில்லை என்று பிணங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த தாய்மாமன், சபையறியத் தன் பெயர் குழாயில் ஒலித்த கௌரவத்தில், சீர்த்தட்டுக்கு முன்னால் வந்து நின்று மீசையை முறுக்கிக்கொண்டார். கொஞ்ச நாளிலேயே இதற்கும் ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. கூப்பிடுவதற்கு முன்னால் மைக்கில் ஒருமுறை இருமவேண்டும், இருமல் கேட்டதும் ஊரே அவிழ்ந்ததைக் கட்டிக்கொள்ளும். காலைக் குளியல் நேரத்தில் கூப்பிடக்கூடாது, பாதிச் சவரத்தில் இருப்பவனைக் கூப்பிட்டால் மீதியைக் கூப்பிட்டவர்தான் முடித்துவைக்க வேண்டும். அந்தச் சின்ன யூனிட்டுக்கு இழுக்கிற சக்தி குறைச்சல் என்பதால் ஆள் மட்டும் வருவார், செருப்பும் மூக்குக்கண்ணாடியும் பல்செட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அதோடு ஏரிக்கரையைத் தாண்டி அதன் சத்தம் எட்டாது.

"ஊரையெல்லாம் கூப்புடறீங்களே, உங்க ஊட்டுக்காரியக் கூப்புடறதுதானுங்க?" என்று டீக்கடையில் கேட்டால், "எட்டாதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு வாகைப் பலகை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

எட்டுகிற யூனிட்டை ராக்கியண்ணனே மூடிப்போன ஒரு நூல் மில்லிலிருந்து கொண்டுவந்தார். பெரிய காந்தம், அகலக் கழுத்து, வளையம் கிளையம் வேண்டாம், நேரே பொருந்தியது. ஷிப்ட் மாறும்போது ஆட்களைக் கூப்பிட்டே பழகிய யூனிட் என்பதால் அதன் அதட்டலுக்குக் காவேரி ஒரு தடையே இல்லை. அதன் கோளாறு வேறு விதமானது. செருப்பு, கண்ணாடி, பல்செட் எல்லாம் ஒழுங்காக வந்தன, வந்தவரின் மனசு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கையெழுத்துக்காக ஒரு ஆபீசரைக் கூப்பிட்டார்கள், அவர் பேனாவோடு வந்து நின்று எங்களைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார், யார் என்ன கேட்டாலும் "பாக்கலாம்" என்றார். வழக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லாததால் அந்தக் கோளாறு முதலில் எங்களுக்குப் பிடிபடவே இல்லை.

பிடிபட்டது நல்லம்மாள் வீட்டில். நல்லம்மாள் சென்னியப்பனுக்கு ஒரு வீடு தள்ளியிருப்பவள், ஊரில் யாரையும் நீ என்று பேசும் உரிமையைத் தானாகவே எடுத்துக்கொண்டவள், அவள் மகன் பூபதி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், தீபாவளிக்குத் தீபாவளி வருவான். அவனைக் கூப்பிடச் சொன்னாள், வந்தான். அம்மா போட்ட களியும் கீரையும் சாப்பிட்டான், கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான், ஆனால் அவன் இரண்டு கைகளும் வெறும் மடியில் இல்லாத பனியன்களை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தன. நல்லம்மாள் அந்தக் கைகளைப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள், விட்டதும் திரும்ப மடிக்க ஆரம்பித்தன.

"உடம்பத்தான் அனுப்பியிருக்கான்" என்று சொல்லி அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

இதெல்லாம் தெரிந்தும், எட்டும் என்று ஆகிவிட்ட பிறகு ஊர் சும்மா இருக்குமா? கூப்பிடு கூப்பிடு என்று நச்சரித்து, ஒரு சாயங்காலம் சென்னியப்பனைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுபோய் மைக்குக்கு முன்னால் நிறுத்தினோம். தெரு நிறைய ஆள். கட்டிய மனைவியை அத்தனை பேர் காதுகேட்கப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு நாக்கு எழவில்லை, தொண்டையைக் கனைத்தார், வேர்த்தார், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "அம்மிணி... எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் சீமையில் புருஷன்மார் மனைவியை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்கள் என்பதை அந்த நேரத்தில் அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. மூச்சு விடுவதற்குள் தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பெண்களால் நிறைந்தது. பரமத்தி அம்மிணி, கொடுமுடி அம்மிணி, மோகனூர் அம்மிணி, எங்கள் ஊர் அம்மிணிகள், என் வீட்டு அம்மிணியும் அதில் உண்டு, அத்தனை பேரும் வந்து நின்றார்கள், மனசு மட்டும் வரவில்லை. ஒருத்தி இல்லாத மாட்டில் பால் கறந்தாள். ஒருத்தி காற்றில் தோசை வார்த்துக் காற்றிலேயே திருப்பிப் போட்டாள். ஒருத்தி கண்ணுக்குத் தெரியாத குழந்தைக்குப் பின்னி முடித்து ரிப்பன் கட்டினாள். சத்தமே இல்லாமல் அந்தத் தெரு முழுக்க வேலை நடந்தது, எத்தனை வேலை என்று நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம், பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். ராக்கியண்ணன் ஓடிப்போய் யூனிட்டைக் கழற்றியதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சுயநினைவு வந்தது. பிறகு எழுந்த சத்தத்தை இங்கே எழுதுவதற்கில்லை. எத்தனை ஊரில் பால் பொங்கி வழிந்ததோ! பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் தப்பித்தோம்.

கூட்டம் கலைந்த பிறகும் சென்னியப்பன் தெருவில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே நின்றார். கோகிலாமணி அந்தக் கூட்டத்தில் இல்லை.

"தேடாத" என்றாள் நல்லம்மாள். "அவ வரமாட்டா. உன்ற ஊட்டுக்காரிய நீ என்னைக்கு அம்மிணின்னு கூப்புட்டிருக்கற? கொட்டாப்புளியால பலகையத் தட்டுவ."

இதைக் கேட்ட சென்னியப்பன் அங்கேயே தெருவில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது.

"அப்ப பேரச் சொல்லியே கூப்புட்டர்லாமுங்க, யூனிட்ட மாட்டட்டுமா?" என்று ராக்கியண்ணன் கேட்டார்.

"எதுக்குங்க? ஆள் மட்டும் வந்து நின்னு காத்துல தோசை ஊத்தறதுக்கா? மனசும் வரோணும். அந்த மாதிரி யூனிட் இருந்தாச் சொல்லுங்க."

இருந்தது. கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கி, காதில் வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்துச் சென்னியப்பனே கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். கம்பெனிப் பெயர் இல்லை, வாட்ஸ் இல்லை, இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்க முடியும். உள்ளே இருக்கிற மெல்லிய தகட்டை ஊதினால்கூட ஆடியது. அவ்வளவு கனத்த காந்தத்துக்கு இவ்வளவு லேசான தகடா என்று ராக்கியண்ணன் தலையைச் சொறிந்தார். அதைக் கழுத்தில் திருகியதும் மைக்கே இல்லாமல் குழாய் லேசாக மூச்சுவிட்டது. முதலில் தன் மகனைத்தான் கூப்பிட வேண்டும், மனசோடு அவனை ஒரு வேளையாவது பார்க்கவேண்டும் என்று நல்லம்மாள் குழாயின் குறுக்கே நின்றுகொண்டாள். எப்படியும் யாரையாவது வைத்துச் சோதிக்க வேண்டியதுதானே என்று சென்னியப்பனும் சம்மதித்தார்.

பூபதி வந்தான். இந்த முறை சிரித்துக்கொண்டே வந்தான், "அம்மா" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான், களியை இரண்டு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், எங்கள் எல்லாரையும் முறை வைத்துக் கூப்பிட்டுப் பேசினான், கிணற்றை எட்டிப் பார்த்தான், இனிமேல் இங்கேயே இருக்கப்போகிறேன் என்றான். நல்லம்மாள் அன்றைக்குத் தெருவில் நடக்கவில்லை, மிதந்தாள். எங்களுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, ஆளுக்கொரு பெயரை மனசில் வைத்துக்கொண்டு குழாய்க்கு வரிசை போட ஆரம்பித்தோம். மறுநாள் திருப்பூரிலிருந்து பூபதியின் மனைவி போன் பண்ணினாள். அவன் எடுத்துக் கேட்டான், சிரித்த முகம் மாறாமல், "தப்பான நம்பருங்க" என்று வைத்தான். திரும்பவும் அடித்தது, அந்தத் தடவை நல்லம்மாள் எடுத்தாள். அந்தப் பக்கம் பேத்தி "அப்பா எங்க ஆத்தா" என்று அழுதுகொண்டிருந்தாள்.

"பாப்பா பேசறாடா."

"ஆரும்மா பாப்பா?" என்றான் பூபதி.

நல்லம்மாள் போனைக் கையில் பிடித்தபடியே சென்னியப்பன் வீட்டுக்குள் நுழைந்து, "அதக் கழட்டு" என்றாள். கழற்றினார். வாசலில் உட்கார்ந்திருந்த பூபதிக்கு முகம் மெதுவாகக் கருத்தது, "பாப்பா" என்றான், அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை, அழுதுகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். நல்லம்மாள் பின்னால் ஓடிப்போய் அவன் சட்டைப்பையில் பேத்திக்கு முறுக்கு வைத்தாள்.

"முழுசா வந்தான், அங்க ஒண்ணும் மிச்சம் வெக்காம வந்தான்" என்றாள் திரும்பி வந்து. "வந்தது என்ற பையந்தான். ஆனா அவனா வருல."

அதன் பிறகு ஊர் இரண்டாகப் பிரிந்தது. டீக்கடை பெஞ்சின் வடபக்கம் இரண்டாம் யூனிட் கட்சி, தென்பக்கம் மூன்றாம் யூனிட் கட்சி. உடம்பு முதலில் வரட்டும், மனசு பின்னாலேயே பஸ் பிடித்து வந்துவிடும், எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான் என்றார்கள் வடபக்கத்துக்காரர்கள். மனசே வருகிறதென்றால் எதற்கு வேண்டாம் என்கிறீர்கள், புருஷன் வீட்டுக்குச் சிரித்த முகத்தோடு வருகிற மனைவியைக் கண்ணால் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், அந்தம்மாவுக்குப் பிள்ளையும் கிடையாது, அங்கே மறப்பதற்கு அண்ணன்தானே என்றார் தென்பக்கத்திலிருந்து லைன்மேன் மாதையன். நான் இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்தேன், டயர் வாங்குகிறவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். எந்த யூனிட் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லிவிடுகிறேன், இந்தப் பேச்சை அன்றோடு விடுங்கள் என்றார் சென்னியப்பன்.

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு நானும் தெருவில் நின்றேன். கோகிலாமணி எப்படி வந்து இறங்கப்போகிறார் என்று பார்க்க ஊரே குழாயின் வாயைச் சுற்றிக் கூடியிருந்தது, பெண்கள் குளித்து முடித்து நல்ல புடவை கட்டி வந்திருந்தார்கள். சமையலறையில் சென்னியப்பன் ஒரு சாக்கை விரித்து மூன்று யூனிட்டையும் அதன்மேல் வைத்திருந்தார். ராக்கியண்ணன் ஒயர்களைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அவர் மட்டும் உள்ளே. குழாயின் கழுத்து ஒன்றும் மாட்டாமல் திறந்து கிடந்ததால் அவர் அந்தக் கடைசியில் செய்வதெல்லாம் இந்தக் கடைசியில் எங்களுக்குக் கேட்டது. பெரிய யூனிட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது, தென்பக்கத்துக்காரர்கள் நிமிர்ந்தார்கள். அதைத் திரும்ப வைக்கிற சத்தம் கேட்டது. மில் யூனிட்டை எடுத்தார், அதையும் வைத்தார். சின்னதை எடுக்கவே இல்லை. அப்புறம் ரொம்ப நேரம் பலகையில் கன்னம் உரசுவது மட்டும் கேட்டது. கழுத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. லாரிப் பாடியில் எந்த ஆணி ஆடுகிறது என்று ஓட்டத்திலேயே கண்டுபிடிக்கிற காது அது. குழாய் வழியாகக் காவேரிக்கு இந்தப் பக்கத்துச் சத்தமும் அந்தப் பக்கத்துச் சத்தமும் கலந்து வந்ததில், பஸ் ஹாரன்களையும் குக்கர் விசில்களையும் ஒவ்வொன்றாக விலக்கி விலக்கி, ஒரு வீட்டுச் சமையலறையில் அம்மி ஓரமாக நின்றுகொண்டு, "நங்கை, இந்த டப்பாவ எங்க வெக்கறது, நீங்களே சொல்லுங்க" என்று அண்ணன் மனைவியிடம் கேட்கிற குரலை அவர் பிடித்துவிட்டார். எதை எங்கே வைப்பது என்று கேட்டுத்தான் வைக்கவேண்டும் என்கிற இடத்தில் அந்தம்மா இருந்தார்.

"கோகிலாமணி" என்றார்.

மைக் இல்லை, கரண்ட் இல்லை, வெறும் வாய். அந்தப் பெயரை அவர் வாயால் நாங்கள் அன்றுதான் கேட்டோம். வேங்கையும் வாகையும் அதை ஒரு எழுத்து சிந்தாமல் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தன.

"நான்தான். அங்க... நான் அங்க வரட்டுமா?"

நாங்கள் காத்திருந்தோம். வாய்க்கு முன்னால் யாரும் வந்து நிற்கவில்லை. உள்ளேயிருந்தும் சத்தம் இல்லை. நல்லம்மாள்தான் முதலில் உள்ளே போனாள், பின்னால் நாங்கள். சாக்கின்மேல் மூன்று யூனிட்டும் அப்படியே இருந்தன, ஆம்ப்ளிஃபயர் அணைந்திருந்தது, சமையலறையில் ஆள் இல்லை. மாதையன் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் கரூர் பஸ்ஸிலிருந்து இருவரும் இறங்கினார்கள். முன்னால் கோகிலாமணி, பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு, தலையெல்லாம் மரத்தூளோடு சென்னியப்பன். ஊரே டீக்கடையில் வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டிருந்தது.

"ஏம்புள்ள, குழாய் உன்னய இழுத்துட்டு வந்துருச்சா?" என்று நல்லம்மாள் கேட்டாள்.

"என்னய ஒண்ணும் இழுக்குலீங்க்கா. வரட்டுமான்னு கேட்டாரு, வாங்கன்னேன், வாய மூடறதுக்குள்ள வந்து நிக்கறாரு. ஊட்டுக்குப் போலாமான்னு கேட்டாரு. யோசிச்சுச் சொல்றேன்னேன். ராத்திரியெல்லாம் யோசிச்சேன், காத்தால பஸ் ஏறுனேன்."

"மனசோட வந்தானா?"

கோகிலாமணி திரும்பிப் புருஷனை ஒரு பார்வை பார்த்தார். "பாதிதான் வந்துச்சுங்க. மீதிய பஸ்ல பேசிப் பேசி வாங்குனேன்."

அன்று சாயங்காலமே சென்னியப்பன் ரம்பத்தை எடுத்துச் சமையலறை எல்லையில் குழாயை அறுத்தார். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து கெஞ்சியது, அவர் காது கொடுக்கவில்லை. மீதிக் குழாய் இப்போது ராக்கியண்ணனிடம் இருக்கிறது, தெளிவாகத்தான் பேசுகிறது, யார் கல்யாணம், யார் எழவு என்று நன்றாகப் புரிகிறது. எங்கிருந்தாலும் வரவும் என்றால் மட்டும் யாரும் வருவதில்லை. லைன்மேனுக்குப் போன் போட்டால் வந்துகொண்டே இருக்கிறார். ஊர் நிம்மதியாகக் குளிக்கிறது, இருந்தாலும் எங்களுக்கெல்லாம் வருத்தம்தான், அதை மறைப்பானேன்.

அடுப்பு எங்கே, அஞ்சறைப் பெட்டி எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கோகிலாமணி கைநீட்டிச் சொல்லச் சொல்ல, இடித்த சுவரைச் சென்னியப்பன் திரும்ப எழுப்பினார். நிலைக்கு மேலே வைக்கிற வேங்கைப் பலகையை அவர் ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றதை நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கனமான பலகை, கால் நடுங்கியது.

"கோகிலாமணி, இதச் செத்தப் பிடிக்க வாரயா?" என்று கூப்பிட்டார்.

உள்ளே கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டது. "இருங்க, வாரேன்" என்று பதில் வந்தது. அடுப்பை அணைக்கிற அவசரமோ ஓடி வருகிற அரவமோ ஒன்றும் இல்லை. நான் எழுந்து போகலாம் என்று செருப்பை மாட்டினேன், அவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பலகையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "மெதுவாவே வா" என்று சொல்லிவிட்டு நின்றார்.